சரக்கு வேன் குடும்ப வண்டியான கதை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சிறு வணிகர்களுக்கு ஏற்ற வாகனங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, சரக்கும் குடும்பமும் ஒரே வண்டியில் போவதைப் பற்றியே கேட்டிருந்தன. எனவே இம்மாதம் இப்பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: வாரம் முழுவதும் பூக்கூடைகளை ஏற்றும் வேனை வைத்திருக்கிறோம். ஐரோப்பாவில் இதே அளவு சரக்கு வேனைக் குடும்பக் காராகவும் தயாரித்து விற்கிறார்கள் என்று என் அண்ணன் சொல்கிறார். அப்படியொரு வண்டி எப்படி உருவாயிற்று? (பூக்கடை நடத்தும் வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு)

பதில்: உங்கள் அண்ணன் சொன்னது உண்மைதான் அம்மா. இந்த வகை வண்டி பெரும்பாலும் பிரான்சில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே விவசாயிக்கும் சிறு கடைக்காரருக்கும் மலிவான, எளிதில் பழுது பார்க்கக்கூடிய ஒரு வண்டி தேவைப்பட்டது. சித்ரோன் நிறுவனம் தன் 2சிவி காரின் முன்பகுதியை அப்படியே எடுத்துக்கொண்டு, இருக்கைகளுக்குப் பின்னால் நெளிதகட்டுப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, 1951-இல் ஒரு சிறு வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் இயந்திரம் 375 சிசி. ஏற்றக்கூடிய சுமை 250 கிலோ. பத்து அரிசி மூட்டைகளைக்கூடத் திணறித்தான் சுமந்திருக்கும் என்றாலும், மாட்டு வண்டியை நம்பியிருந்த ஊர்களுக்கு அதுவே பெரிய முன்னேற்றம்.

1961-இல் வந்த ரெனோ 4 இந்த எண்ணத்தை மேலும் நுட்பமாக்கியது. அதன் வேன் வடிவத்தில், கூரையின் பின்விளிம்பில் ஒரு சிறிய தூக்குக் கதவு இருந்தது. ஏணியோ நீண்ட குழாயோ ஏற்றும்போது அந்தக் கதவை மட்டும் உயர்த்தி நுனியை வெளியே விட்டு, கீழுள்ள பெரிய கதவை வழக்கம்போல் பூட்டிக்கொள்ளலாம். வடிவமைத்தவர்கள் தச்சரையும் குழாய் பொருத்துநரையும் அருகிலிருந்து கவனித்திருக்க வேண்டும் என்றே அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

ஆயினும் இவையெல்லாம் முன்பாதி கார், பின்பாதி பெட்டி என்ற ஒட்டு வண்டிகள். 1984 முதல் 2005 வரை தயாரிக்கப்பட்ட சித்ரோன் சி15 வேனும் அப்படிப்பட்டதே. இடையில், 1977-இல், மாத்ரா நிறுவனம் சிம்கா 1100 சிறு பிக்கப் வண்டியின் மேல் உயரமான பின்னுடலைக் கட்டி, ராஞ்சோ என்ற பெயரில் ஓய்வுப் பயண வண்டியாக விற்றது. பார்வைக்குக் காட்டில் ஓடும் வண்டி போலிருந்த அதற்கு நான்கு சக்கர இயக்கம் கிடையாது. முன்சக்கரங்கள் மட்டுமே இழுத்தன. இருந்தும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன. வேலைக்கார வண்டியின் எலும்புக்கூட்டில் குடும்பத்துக்கு ஏற்ற வண்டியைக் கட்ட முடியும் என்பதை முதலில் மெய்ப்பித்தது ராஞ்சோதான் என்பது என் கருத்து.

உண்மையான திருப்பம் 1996-இல் நேர்ந்தது. அந்த ஆண்டு சித்ரோன் பெர்லிங்கோவும் அதன் இரட்டையான பூஜோ பார்ட்னரும் வெளிவந்தன. காரின் பின்னால் பெட்டியை ஒட்டும் வழக்கத்தை இவை கைவிட்டன. முன்கண்ணாடியிலிருந்து பின்கதவு வரை ஒரே உடலாக, தொடக்கத்திலிருந்தே சரக்குக்கும் பயணிகளுக்கும் சேர்த்து வரையப்பட்டன. மறு ஆண்டு ரெனோ காங்கூ வந்தது. கிளியோ காரின் அடித்தளத்தில், பிரான்சின் வடக்கே மோபேஜ் ஆலையில் உருவான அந்த வண்டி நான்கு மீட்டர் நீளமே உடையது. அதன் வேன் வடிவத்தின் சரக்கறையோ 2.75 கன மீட்டர். பக்கவாட்டில் சறுக்கித் திறக்கும் கதவை இந்த அளவு வண்டிக்குக் கொண்டுவந்து பரப்பிய பெருமை காங்கூவைச் சேரும். அதன்பின் ஃபியட் டோப்லோ 2000-இலும், ஃபோர்டு டிரான்சிட் கனெக்ட் 2002-இலும் இதே வழியில் வந்தன.

குடும்பங்கள் இந்த வண்டிகளில் விரும்பியவை எல்லாமே சரக்குக்காக யோசிக்கப்பட்டவை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பெட்டிகளை அடுக்க உயர்த்திய கூரையின் கீழ் பாட்டி தலைகுனியாமல் ஏறி அமர்கிறார். நெருக்கமான தெருவில் சரக்கு இறக்கச் செய்த சறுக்குக் கதவு, பக்கத்து வண்டியில் இடிக்காமல் குழந்தையைத் தூக்கி வைக்க உதவுகிறது.

கேள்வி: நான் பல ஆண்டுகளாகப் பழைய நிசான் வேனட் வேன்களைப் பழுது பார்த்து வருகிறேன். அதுவும் சரக்கு வேனாகவும் ஆள் ஏற்றும் வேனாகவும் ஓடியதுதானே? புதிய வகையில் அப்படி என்ன வேறுபாடு? (பட்டறை உரிமையாளர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: வேறுபாடு தரைக்குக் கீழே இருக்கிறது, உங்கள் தொழிலில் உள்ளவருக்கு இதை விளக்குவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. சி22 வகை வேனட்டில் முன்னிருக்கையைத் தூக்கினால்தான் இயந்திரம் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேல் அமர்கிறார். இயந்திரத்தின் சூடு இருக்கைக்கடியில் எழுகிறது. பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு வண்டியின் அடியில் ஓடுவதால் சரக்குத் தரை அதற்கு மேலேதான் அமைய முடியும். குறைந்த நீளத்தில் மிகுந்த இடம் கிடைக்கும் என்பது அதன் நன்மை. மோதல் நேர்ந்தால் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் நசுங்கிக் கொடுக்கப் போதிய உலோகம் இல்லை என்பது அதன் பெருங்குறை.

பெர்லிங்கோ, காங்கூ வழியில் இயந்திரம் முன்மூடிக்குள் குறுக்காகக் கிடக்கிறது; முன்சக்கரங்களே இழுக்கின்றன. அடியில் தண்டு ஓடாததால் தரையை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்த முடிந்தது. இதில் பின்சக்கரங்களின் குலுக்கலைத் தாங்கும் வில் அமைப்பின் பங்கை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். நின்ற நிலையில் இருக்கும் சுருள்வில்லும் அதிர்வடக்கியும் சரக்கறைக்குள் இருபுறமும் புடைத்து இடத்தைத் தின்றுவிடும். ரெனோ 4 காலத்திலிருந்தே பிரெஞ்சுப் பொறியாளர்கள் அதைத் தவிர்த்து, தரைக்கடியில் குறுக்காகக் கிடக்கும் முறுக்குத் தண்டுகளையே வில்லாகப் பயன்படுத்தினார்கள். ரெனோ 4-இல் இடப்பக்கத் தண்டும் வலப்பக்கத் தண்டும் ஒரே கோட்டில் அமைய முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டதால், அந்த வண்டியின் ஒரு பக்கத்தில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தொலைவு மறுபக்கத்தைவிட ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் கூடுதல். அதைப் பற்றி வாங்கியவர்கள் யாரும் கவலைப்படவில்லை. வண்டி நேராகவே ஓடியது. முதல் தலைமுறை பெர்லிங்கோவும் காங்கூவும் இந்த முறுக்குத் தண்டு மரபையே தொடர்ந்தன.

2009-இல் வந்த நிசான் என்வி200 வேறு வழியை எடுத்தது. முன்சக்கர இயக்கத்தையும் தாழ்ந்த தரையையும் ஏற்றுக்கொண்டு, பின்னால் எளிய பட்டைவில்லையே வைத்தது. சுமை ஏற்றினால் நன்றாகத் தாங்கும். வெறும் வண்டியாக ஓடும்போது பின்னிருக்கைக்காரருக்குக் குலுக்கல் தெரியும். நம் ஊர்களில் வேனட் விட்டுச்சென்ற இடத்தில் இப்போது பலரும் வைத்திருப்பது இந்த வண்டியைத்தான் என்பதால், உங்கள் பட்டறைக்கு வரும்போது கீழே படுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: திருமண விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறோம். ஜன்னல் இல்லாத சரக்கு வேன் ஒன்று இருக்கிறது. பின்னால் ஒரு வரிசை இருக்கை பொருத்திவிட்டால் பிள்ளைகளையும் உதவியாளர்களையும் ஏற்றிக்கொள்ளலாமே என்று என் கணவர் சொல்கிறார். செய்யலாமா? (வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: தயவுசெய்து செய்ய வேண்டாம். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் கட்டமைப்பையோ இருக்கைகளையோ மாற்றுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுக்கவும் அது இடம் கொடுக்கும். எனக்குப் பெரிய கவலை வேறு. குடும்ப வடிவத்தில் விற்கப்படும் வண்டியில், இருக்கையும் பாதுகாப்புப் பட்டையும் இழுக்கும் விசையைத் தாங்கும்படி தரையில் வலுவூட்டப்பட்ட பிடிமானங்கள் ஆலையிலேயே வைக்கப்படுகின்றன. சரக்கு வேனின் தரை மெல்லிய தகடு. அதில் துளையிட்டுத் திருகாணி முடுக்கிய இருக்கை, கடும் மோதலில் ஆளோடு சேர்ந்து பிய்ந்துவரும்.

அதற்கும் மேலாக உங்கள் அண்டாக்களையும் எரிவாயு உருளையையும் எண்ணிப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடும் வண்டி எதன்மீதாவது மோதி நின்றால், கட்டப்படாத ஒரு அண்டா, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகத்தில் முன்னே பாயும். சரக்கு வேனில் இருக்கைகளுக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு இருப்பது இதற்காகவே. நடுவில் இருக்கை வைக்க அந்தத் தடுப்பை அகற்றினால், பிள்ளைகள் அந்த அண்டாவின் வழியில் அமர்ந்திருப்பார்கள். 2020 முதல் குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயமாகியிருக்கும் நாட்டில், அதை முறையாகக் கட்டக்கூட இடமில்லாத வண்டியில் அவர்களை ஏற்றுவது நியாயமில்லை.

அமெரிக்காவில் இதற்கு நேரெதிரான ஒன்று நடந்தது. இறக்குமதியாகும் இலகுரகச் சரக்கு வண்டிகளுக்கு அங்கே 1964 முதல் 25 விழுக்காடு வரி. பயணிகள் வண்டிக்கோ அப்போது 2.5 விழுக்காடாகவே இருந்தது. எனவே ஃபோர்டு, துருக்கியில் தயாரித்த டிரான்சிட் கனெக்ட் வேன்களை ஜன்னலும் பின்னிருக்கையும் வைத்துப் பயணிகள் வண்டியாக இறக்கியது. துறைமுகத்தைத் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றிச் சரக்கு வேனாக்கி விற்றது. நெடிய வழக்குக்குப் பிறகு 2024-இல் 36.5 கோடி டாலர் செலுத்த அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒரே உடல், இரண்டு வகைப்பாடு என்பதால் எழும் சிக்கல் எவ்வளவு பெரியது என்பதற்கு அந்த வழக்கே சான்று. ஆலையிலிருந்தே இருக்கையோடு பதிவான வண்டியைத் தேடுங்கள்.

கேள்வி: வேலைக்காகத் தினமும் பினாங்குப் பாலத்தைக் கடக்கிறேன். உயரமான சிறு வேன் காற்றில் அலைக்கழிகிறதே, ஏன்? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: பக்கவாட்டுப் பரப்பு பெரிது, அகலம் குறைவு, வெறும் வண்டியின் எடையில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் மேல் இருக்கிறது; ஆகவே பின்பாதியைக் காற்று எளிதில் தள்ளுகிறது. காற்று பலமாக இருக்கும் நாள்களில் வேகத்தைக் குறைப்பதே முதல் மருந்து. சுமை இருந்தால் அதைத் தாழ்வாகவும் நடுவிலும் வையுங்கள். கூரைமேல் ஏணி, பெட்டி எதுவும் வேண்டாம். பின்சக்கரக் காற்றழுத்தத்தைக் கதவோரத்தில் ஒட்டியுள்ள அட்டவணைப்படி, ஏற்றும் சுமைக்கேற்ப வையுங்கள். நீண்ட இரண்டாவது பாலத்தில் இவை இன்னும் முக்கியம்.

கேள்வி: இவ்வளவு பயனுள்ள வண்டி நம் நாட்டில் ஏன் பரவவில்லை? காங்கூவை எப்போதோ பார்த்த நினைவு மட்டும்தான் இருக்கிறது. (வாசகர், கெப்போங், கோலாலம்பூர்)

பதில்: நம் குடும்பங்கள் ஏழு இருக்கையைக் கேட்கின்றன, இந்த வண்டிகளின் அடிப்படை வடிவம் ஐந்து இருக்கை. அந்த ஏழு இருக்கையை டொயோட்டா அவன்ஸாவும், 2009-இல் வந்த புரோட்டான் எக்ஸோராவும் பெரோடுவா அல்ஸாவும், எங்கும் உதிரிபாகம் கிடைக்கும் வசதியோடு தந்துவிட்டன. ஐரோப்பிய வண்டியால் அந்த விலையோடு போட்டியிட முடியவில்லை. உருவமும் ஒரு காரணம். கோயிலுக்கும் திருமணத்துக்கும் போகும் வண்டி கடைவேன் போலத் தெரியக் கூடாது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் அது விற்பனையை முடிவு செய்கிறது.

வெப்ப நாட்டின் தேவையைக் கவனிக்காத குறையும் சில இடங்களில் நேர்ந்தது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் நிசான், என்வி200-இன் குடும்ப வடிவத்தை எவாலியா என்ற பெயரில் 2012-இல் தயாரித்தது. அதையே அசோக் லேலண்ட் 2013-இல் ஸ்டைல் என்று விற்றது. இடம் ஏராளம், இயந்திரமும் நல்லது. ஆனால் தொடக்கத்தில் வந்த எவாலியாவின் சறுக்குக் கதவுகளில் கண்ணாடி திறக்க முடியாதபடி இருந்தது. தமிழ்நாட்டு வெயிலில் காற்று வராத ஜன்னலோரம் யார் விரும்பி அமர்வார்கள்? பிறகு திறக்கும் ஜன்னல் வைத்தும் சந்தை திரும்பவில்லை. சில ஆண்டுகளில் இரண்டு பெயர்களும் மறைந்தன. இத்தனைக்கும் அதே உடலின் டாக்சி வடிவத்தை நியூயார்க் நகரம் 2011-இல் தன் எதிர்கால டாக்சியாகத் தேர்ந்தெடுத்திருந்தது.

கேள்வி: பழைய சிறு வேன் ஒன்றைக் குடும்பத்துக்கும் தொழிலுக்குமாக வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: முதலில் பதிவு அட்டையில் அது சரக்கு வண்டியா, பயணிகள் வண்டியா என்று பாருங்கள், வணிக வாகனமாகப் பதிவானால் காலமுறைச் சோதனையும் காப்புறுதியும் வேறு. சறுக்குக் கதவை முழுதாகத் திறந்து, பாதியில் நிறுத்தி, மெதுவாகச் சாத்துங்கள். நடுத்தண்டவாளத்தில் உருளை தேய்ந்திருந்தால் கதவு கடைசியில் சற்றுத் தொங்கி, பூட்டும் இடத்தில் மேலே ஏறி அமரும். பிறகு சரக்குத் தரை விரிப்பைத் தூக்கி, சக்கர வளைவின் ஓரத்திலும் பட்டைவில்லோ முறுக்குத் தண்டோ சட்டத்தில் சேரும் இடத்திலும் துரு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். மீன், ஐஸ், உப்புச் சரக்கு ஏற்றிய வண்டியில் முதலில் அரிப்பது அந்த இடங்கள்தான். கடைசியாக, 200 கிலோ சுமை ஏற்றி ஒரு சுற்று ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் வேறு வண்டியைத் தேடுங்கள்.