பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ்ல இருந்து நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு வந்தா பட்டன் குழப்பம் எப்போ தீரும்?

ஓகே பண்ணப் போனா கேன்சல் ஆயிடுதுன்னு கேக்குறீங்க, புதுசா வர்ற எல்லாருக்கும் இதுதான் நடக்கும். எக்ஸ்பாக்ஸ்ல ஓகே பண்ற ஏ பட்டன் கீழ இருக்கும், கேன்சல் பண்ற பி வலது பக்கம், ஸ்விட்ச்ல அது ரெண்டும் அப்படியே மாறி இருக்கும், எக்ஸ் ஒய் கூட அப்படித்தான். பிளேஸ்டேஷன்லயும் நம்ம ஊர்ல கீழ இருக்கற கிராஸ் தான் ஓகே, அதனால கட்டைவிரல் தானா கீழ போகுது. ஜப்பான்ல பிஎஸ்4 வரைக்கும் வலது பக்கம் இருக்கற வட்டம் தான் ஓகே, 2020ல பிஎஸ்5 வந்தப்பதான் அங்கயும் கிராஸுக்கு மாத்துனாங்க.

சிஸ்டம் செட்டிங்ஸ்ல கன்ட்ரோலர்ஸ் பகுதிக்குள்ள போய் பட்டனை மாத்திக்கலாம், 2020 ஏப்ரல் அப்டேட்ல இருந்து இருக்கு. ஆனா நான் அதை சொல்ல மாட்டேன், ஏன்னா கேம் ஸ்கிரீன்ல பழைய எழுத்தையே காட்டும், குழப்பம் டபுள் ஆகும். அப்படியே விட்டு தினம் கொஞ்சம் ஆடுங்க, கை பழகிடும்.

இன்னொன்னு, ஸ்விட்ச்ல டிரிக்கரை, அதாவது கன்ட்ரோலர் பின்பக்கம் ஆள்காட்டி விரல்ல அமுக்குற பட்டனை, லேசா அமுக்கினாலும் முழுசா அமுக்கினாலும் ஒண்ணுதான், அதனால ரேஸ் கேம்ல பாதி ஆக்சிலரேட்டர் குடுக்க முடியாது. பதிலுக்கு கைரோன்னு அசைவை உணர்ற சென்சார் இருக்கு, கன்ட்ரோலரை லேசா சாய்ச்சே குறி வைக்கலாம், செல்டா கேம்ல வில்லு விடறப்போ ஆன் பண்ணி பாருங்க, சூப்பரா இருக்கும்!