மாட்டிறைச்சி கோய் தியாவ்: கோளாறு உங்கள் கையில் இல்லை

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "வேலை முடிந்து வீடு வரவே 7 மணியாகிறது. பிள்ளைகளுக்கு அரை மணியில் மாட்டிறைச்சி கோய் தியாவ் (தட்டையான அரிசி நூடுல்ஸ்) பிரட்டிக் கொடுக்கலாம் என்றால் இறைச்சி ரப்பராகிறது, கோய் தியாவ் கூழாகிறது. கடையில் மட்டும் எப்படி மெத்தென்று வருகிறது?"

சகோதரி, அந்த இறைச்சியை என்னவென்று சொல்லி விற்றார்கள்? "இன்று அறுத்த லெம்பு (மாடு)" என்றுதானே? நம் மலேசியாவில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து உறைய வைத்து வரும் எருமை இறைச்சி. அதில் தப்பே இல்லை, நானும் வாங்குகிறேன். எருமை என்று சொல்லி விற்கட்டுமே! இளக வைத்துக் கொக்கியில் தொங்கவிட்டு, உள்ளூர் மாடு என்று இரண்டு மடங்கு விலை சொல்வதுதான் வயிற்றெரிச்சல்.

கொழுப்பைப் பாருங்கள். மாட்டுக் கொழுப்பு சற்று மஞ்சளோடும், எருமைக் கொழுப்பு சுண்ணாம்பு போல வெள்ளையாகவும் இருக்கும். எருமைச் சதை கருஞ்சிவப்பு, நார் தடிமன். தட்டில் சிவப்புத் தண்ணீர் குளம் கட்டியிருந்தால் அது பெரும்பாலும் உறைந்து இளகியது. அதை வீட்டில் மறுபடி உறைய வைக்காதீர்கள்.

பொய் சொல்லி விற்பது குற்றம் என்று 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு என்ன குறைச்சல்! ஒருமுறை புகார் செய்யப் போனேன், ரசீது எங்கே என்றார்கள். விடிகாலை பாசாரில் (சந்தையில்) எவர் ரசீது எழுதித் தருகிறார்? பேசாமல் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு, முத்திரையும் ஹலால் சின்னமும் உள்ள பொட்டலமாகவே வாங்கிவிடுகிறேன்.

சரி, சமையலுக்கு வருவோம். நாலு பேருக்கு 300 கிராம் 'டாகிங் பெஜால்' (எலும்பில்லாத கெட்டிச் சதை) போதும். பாதி உறைந்திருக்கும்போதே வெட்டுங்கள், கத்தி வழுக்காது. நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கே, மூன்று மில்லிமீட்டர் கனத்தில். நார் போன போக்கிலேயே வெட்டினால் எந்தச் சமையல்காரராலும் காப்பாற்ற முடியாது.

அப்புறம், கடைக்காரர் சொல்லாத சங்கதி: அரைத் தேக்கரண்டி ஆப்பசோடா. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துப் பிசறி 15 நிமிடம் வையுங்கள். சூட்டில் சதை இறுகிச் சுருங்குவதை அது குறைக்கும். பிறகு இரண்டு தண்ணீரில் கழுவிப் பிழியுங்கள், இல்லாவிட்டால் சவர்க்கார வாடை அடிக்கும். பிழிந்ததில் ஒரு மேசைக்கரண்டி கிச்சாப் (சோயா சாஸ்), ஒரு தேக்கரண்டி சோளமாவு, கொஞ்சம் எண்ணெய்.

ஆனால் 'பாத்தாங் பினாங்' என்கிற மென்சதை வாங்கியிருந்தால் சோடா பக்கமே போகாதீர்கள். அது பிறவியிலேயே மிருது. சோடா பட்டால் ஈரல் மாதிரி கொழகொழத்துவிடும். "கொஞ்சமாகப் போட்டால்?" என்று என் வகுப்பில் வாரம் ஒருவராவது கேட்கிறார். கொஞ்சமும் வேண்டாம். அரை நிமிடச் சூட்டிலேயே வெந்துவிடும் சதைக்கு எதற்கு மருந்து? ஏற்கெனவே மிருதுவாக்கியது என்று உறையில் எழுதிய துண்டங்களுக்கும் இதே கதைதான். உறையைத் திருப்பிப் படியுங்கள்.

குவாலி (வாணலி) புகையும்வரை காயட்டும். இறைச்சியை இரண்டு தவணையாகப் போடுங்கள். வீட்டு அடுப்பின் தீக்கு 300 கிராமும் ஒன்றாக விழுந்தால் வறுபடாது, தன் தண்ணீரிலேயே வேகும். உங்கள் ரப்பர் பாதி அங்கேதான் பிறக்கிறது. நிறம் மாறியதும் தட்டில் எடுத்துவிடுங்கள்.

கோய் தியாவ் ஏற்கெனவே வெந்தது, அதை வேக வைக்காதீர்கள். குளிர்பெட்டியில் கட்டியாகியிருந்தால் வெந்நீரை ஊற்றி உடனே வடித்து விரலால் பிரித்தால் போதும். பூண்டு, சாவிக் கீரை (கடுகுக் கீரை), கோய் தியாவ், கறுப்புக் கிச்சாப் என்று போட்டு, கரண்டியால் குத்தாமல் அடியிலிருந்து புரட்டுங்கள். கடைசியில் இறைச்சி, ஒரு கை தவ்கே (முளைப்பயறு).

வார நாளில் வெட்ட நேரமில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை வாங்கிய இறைச்சியை (உறைந்து இளகியதாக இல்லாவிட்டால்) அன்றே வெட்டி, 300 கிராம் பொட்டலங்களாகத் தட்டையாக உறைய வையுங்கள். முதல் நாள் இரவே ஒன்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினால், மறுநாள் நீங்கள் வரும்போது இளகியிருக்கும்.