ஒரு நாள் மட்டம், மூன்று நாள் கூலி

வணக்கம். ருமேனியாவின் ரோஷியா மொந்தானா பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். மலைக்கடியில் இன்னும் 300 டன் தங்கம் இருப்பதாகக் கணக்கு. ஊரிலோ வேலை இல்லை. வந்த கம்பெனியை விரட்டிவிட்டு ரோமானியர் தோண்டிய பொந்துகளைக் காப்பாற்றுவதால் யாருக்கு என்ன லாபம்? கொங்குநாட்டில் கிடைத்த ரோமக் காசுகள் அந்தச் சுரங்கத்துச் சரக்காக இருக்குமோ என்று ஓர் ஆசையும் உண்டு.
– ம., ஈரோடு

அன்புள்ள ம.,

ஆசையை முதலில் கெடுத்துவிடுகிறேன். கொங்குப் பக்கம் கிடைத்தவை பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் கால வெள்ளிக் காசுகள். ரோஷியா மொந்தானா இருக்கும் தாசியா நாட்டை ரோமப் பேரரசர் டிராஜன் பிடித்ததோ அதற்கு வெகுகாலம் கழித்து, கி.பி. 106இல்.

பொந்துகள் என்கிறீர்கள். உளியும் சுத்தியலும் கொண்டு ஏழு கிலோமீட்டருக்கு மேல் குடைந்திருக்கிறார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அதற்குள் மெழுகு பூசிய மரப்பலகைகள் கிடைத்தன. கடன் பத்திரம், அடிமை விற்ற பத்திரம், கூலி ஒப்பந்தம். 164ஆம் ஆண்டு மே 20ஆம் தேதியிட்ட ஒன்றில் மெம்மியுஸ் என்பவர் நவம்பர் 13 வரை சுரங்க வேலைக்கு ஒத்துக்கொள்கிறார். மொத்தக் கூலி 70 தெனாரியஸ். சொல்லாமல் நின்றால் நாளுக்கு ஐந்து செஸ்டர்ஸ் அபராதம் (நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ்). கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு நாள் மட்டம் போட்டால் மூன்று நாள் கூலி போய்விடும்! சுரங்கத்தில் தண்ணீர் ஏறி வேலை நின்றால், அந்த நாட்களுக்கும் கூலியில் பிடித்தம். அவருக்கு எழுதத் தெரியாது என்பதால் கேட்டுக்கொண்டபடி நான் எழுதினேன் என்று இன்னொருவர் குறித்திருக்கிறார். ரோமைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன், இந்தப் பலகை தந்த நெருக்கத்தை வேறெதுவும் தரவில்லை.

அந்தக் கனடா கம்பெனியின் திட்டம் நான்கு திறந்தவெளிக் குழிகள், தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு விஷம், பக்கத்துக் கோர்னா பள்ளத்தாக்கில் கழிவு ஏரி. 2000இல் அதே ருமேனியாவின் பாயா மாரேயில் இப்படி ஓர் அணை உடைந்து சயனைடு தீசா ஆற்றில் கலந்து டான்யூப் வரை போனது. 2013இல் இந்தத் திட்டத்தை எதிர்த்து ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் இடம்பெற்றது. ருமேனிய அரசிடம் நஷ்டஈடு கேட்ட கம்பெனி 2024இல் வழக்கில் தோற்றது.

வேலை பற்றி நீங்கள் கேட்டது நியாயம். அரசுச் சுரங்கம் 2006இல் மூடியபின் கம்பெனி வரட்டும் என்று அந்த ஊரிலேயே பலர் கேட்டார்கள். நிறையப் பேர் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஊர்ப்பெயரில் உள்ள ‘ரோஷியா’வுக்குச் செந்நிறம் என்று பொருள். பழைய சுரங்கங்களிலிருந்து கசியும் அமிலத் தண்ணீரால் ஓடை இன்றும் துருப்பிடித்த நிறத்தில்தான் ஓடுகிறது.