பழைய டச்சு சுவர் டைல்ஸ்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கே: அண்ணா, ஆம்ஸ்டர்டாமில் பழைய பொருள் சந்தையில் நீலப் படகு வரைந்த டைல் ஒன்று வாங்கினேன். டெல்ஃப்ட் என்று சொல்லி விற்றார்கள். உண்மையா?

ப: டச்சு டைல் எல்லாமே டெல்ஃப்ட் என்று பேச்சு வழக்கு ஆகிவிட்டது. டெல்ஃப்ட் என்ற நெதர்லாந்து ஊரில் பெரும்பாலும் தட்டும் குடுவையும்தான் செய்தார்கள். டைல் செய்த பெரிய ஊர்கள் ராட்டர்டாம், உட்ரெக்ட், ஹார்லிங்கன், மக்கும். படத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு டைலைத் திருப்பிப் பாருங்கள். பக்கம் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் இருக்கும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் வரை தடிமனாக இருந்தது, போகப்போக மெலிந்து 18ஆம் நூற்றாண்டில் 7, 8 மில்லிமீட்டருக்கு வந்தது.

கே: மூலைகளில் ஊசி குத்தியது போல ஓட்டைகள். பழுதா?

ப: இல்லை. ஈர மண்ணின் மேல் சதுரப் பலகையை வைத்து ஓரம் வெட்டுவார்கள். பலகை நகராமலிருக்க அதன் மூலைகளில் சிறு ஆணிகள் இருக்கும், அவற்றின் தடம் இது. ஆனால் ஆணித்தடத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். புதிதாகச் செய்பவர்களும் அதைப் போடுகிறார்கள். ஓரமும் பின்பக்கமும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும்.

கே: ஒரே படம் பல டைலில் வருகிறதே, அச்சடித்ததா?

ப: நல்ல கேள்வி. படத்தின் கோட்டில் ஊசியால் துளையிட்ட தாளை டைல் மேல் வைத்து, கரித்தூள் பொட்டலத்தால் தட்டுவார்கள். நம்மூரில் சுவரில் படம் எழுதுபவர்களும் கோலப்பொடியைக் குழாயில் உருட்டுபவர்களும் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். புள்ளி விழுந்ததும் தூரிகை. ஒரு முறை சுட்ட மண் மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு காய்ந்திருக்கும். அது நீலத்தை உடனே உறிஞ்சிவிடும், அழித்து எழுத வழியில்லை. பிறகு இரண்டாவது சூளை. தாள் ஒன்று என்றாலும் கை வேறு. ஒரே ஆட்டிடையன் ஒரு டைலில் சிரிப்பான், இன்னொன்றில் தூங்குவான். அதற்காகவே நான் ஒரே படத்தில் ஐந்தாறு வைத்திருக்கிறேன்.

கே: பின்னால் ஒட்டிய காரையை ஆசிட் ஊற்றி எடுக்கலாமா?

ப: கூடவே கூடாது. அந்த மண்ணிலேயே சுண்ணாம்பு உண்டு, ஆசிட் காரையோடு டைலையும் தின்னும். நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து மரத் துண்டால் சுரண்டுங்கள். உப்பு பூத்தால் காய்ச்சி வடித்த நீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள்.

கே: கொச்சி மட்டாஞ்சேரி யூதக் கோயில் தரையில் இருப்பது டெல்ஃப்ட்தானே?

ப: இல்லை. சீனாவின் காண்டனிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் வந்த டைல்.

கே: டச்சுக் கம்பெனி ஆண்ட ஊர், நீலமும் வெள்ளையும். எப்படி இல்லை என்கிறீர்கள்?

ப: குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைத் தருவித்த எசேக்கியேல் ரஹாபி டச்சுக் கம்பெனிக்குப் பெரிய வியாபாரி. ஆனால் டைலைக் கேளுங்கள், அது சொல்லும். டச்சு டைல் மென்மையான மண், மேற்பூச்சும் மென்மை. நெதர்லாந்திலேயே முதலில் தரையில் பதித்துப் பார்த்தார்கள், பூச்சு தேய்ந்தது, அதனால்தான் சுவருக்கு ஏறினார்கள். மட்டாஞ்சேரியில் இத்தனை காலம் ஆட்கள் மிதித்தும் நீலம் நிற்கிறதென்றால் அது பீங்கான். இந்தியாவில் டச்சு டைல் பார்க்க வேண்டுமா, உதய்ப்பூர் அரண்மனையின் சீனி சித்திரசாலைக்குப் போங்கள். பைபிள் காட்சிகள் ராஜபுத்திரர் சுவரில் இருக்கும்.

கே: என் தாத்தாவும் மட்டாஞ்சேரியில் இருப்பது டெல்ஃப்ட் என்றுதான் சொன்னார்.

ப: தாத்தா சொன்னதில் தவறில்லை, அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். உடைந்த ஓரம் ஒன்று கிடைத்தால் பாருங்கள், பீங்கான் வெள்ளையாக, கண்ணாடி போல உடையும். டச்சு மண் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ, பொடிப்பொடியாக இருக்கும். இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

கே: மூலையில் இருக்கும் பூச்சி மாதிரி என்ன?

ப: சிலந்தித்தலை என்ற மூலை அலங்காரம். காளைத்தலை என்பதும் உண்டு.

கே: என் டைல் டெல்ஃப்டா?

ப: முதல் பதில்.

கே: விரிசலைப் பெயிண்ட் பூசி மறைக்கலாமா?

ப: வேண்டாம். விரிசல் இருக்கட்டும், அடுத்து வாங்குபவரை ஏமாற்றாது. பூசி மறைத்த டைல் ஒன்றை நான் முழுசு என்று நம்பி வாங்கியிருக்கிறேன், வெந்நீரில் கழுவியபோது பாதி முகம் கரைந்து போனது.

கே: படம் அனுப்பியிருக்கிறேன், எந்தக் காலம்?

ப: முன்பக்கம் மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். பின்பக்கமும் ஓரமும் எடுத்து அனுப்புங்கள், கூடவே அளவுகோல் வைத்து.