மூடிய புழு அறையின் அடியில் பழுப்புக் கறை: நோயா, புழுவின் கழிவா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்தில் இந்தியத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். மூடியிருந்த சில புழு அறைகளைக் கீறிப் பார்த்தேன். அடியில் மஞ்சளும் பழுப்புமாக ஏதோ அப்பியிருக்கிறது. அடையும் கறுத்துவிட்டது. அப்போதுதான் வெளிவந்த தேனீயை நசுக்கினால் வயிற்றிலிருந்து மஞ்சள் கட்டி வருகிறது. இது வயிற்றுப்போக்கு நோய், டெட்ராசைக்ளின் என்ற பாக்டீரியாக் கொல்லி மருந்தைச் சர்க்கரைப் பாகில் கரைத்து வையுங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்றுமே நோயில்லாத பெட்டியிலும் இருப்பவை. தேனீயின் குடல் புழுப் பருவத்தில் ஒரு விதம், வளர்ந்த பிறகு வேறு விதம். நடுவில் அது தன்னைக் கலைத்துப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. அந்த வேலையின் மிச்சத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

புழுவுக்கு ஒரே வேலை, தின்பது. பொரிந்த சில நாட்களுக்குள் அதன் எடை ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கூடிவிடும். உடம்பை அறுத்துப் பார்த்தால் பெரும்பகுதி நடுக்குடல்தான். முன்குடல் மிகக் குட்டை, தேன்பை என்ற உறுப்பே கிடையாது. முக்கியமான விஷயம், நடுக்குடலுக்கும் பின்குடலுக்கும் நடுவே வழி அடைத்திருக்கும். அதனால் தின்கிற நாட்கள் முழுக்கப் புழு ஒரு முறைகூடக் கழிவதில்லை. செவிலித் தேனீ ஊட்டும் உணவின் மேலேதான் அது சுருண்டு கிடக்கிறது. அங்கேயே கழித்தால் உணவு கெட்டுவிடும், இல்லையா?

வேலைக்காரத் தேனீக்கள் அறையை மெழுகால் மூடிய பிறகுதான் அந்த அடைப்பு திறக்கிறது. அதுவரை சேர்ந்த கழிவு மொத்தமும் வெளியேறி அறையின் அடியில் படிகிறது. புழு நூல் நூற்று அதன் மேலேயே கூடு கட்டிக்கொள்கிறது. கடைசி நாட்களில் புழு மகரந்தமும் தின்பதால் கழிவில் மகரந்தத்தின் ஓடுகள் நிறைய இருக்கும். மஞ்சளும் பழுப்புமான நிறம் அதிலிருந்து வருவது. அந்தக் கறையை ஊசியால் மெல்ல நெம்புங்கள். மேலே மெல்லிய பட்டுப் படலம் உரிந்து வந்து, கீழே கறை காய்ந்து ஒட்டியிருந்தால் அது வெறும் புழுக் கழிவு. கவலை வேண்டாம்.

அப்புறம் கூட்டுப்புழுப் பருவம். வாய்க்கு ஒன்றும் வராத இந்த நாட்களில்தான் குடலுக்குப் பெரிய வேலை. நடுக்குடலின் பழைய உட்சுவர் அப்படியே கழன்று குழாயின் உள்ளே விழுகிறது. சுவரின் அடியில் அதுவரை சும்மா இருந்த சிறு செல்கள் பெருகிப் புதுச் சுவரைக் கட்டுகின்றன. கழன்று விழுந்த பழைய சுவர் கரைந்து சுருங்கி மஞ்சள் கட்டியாக நிற்கிறது. நீங்கள் இளந்தேனீயை நசுக்கியபோது வந்தது பெரும்பாலும் இதுதான். முன்குடலின் ஒரு பகுதி விரிந்து தேன்பை ஆகிறது. பூவிலிருந்து மதுவைச் சுமந்து வரும் பை அதுதான். அதற்கும் நடுக்குடலுக்கும் இடையே நாலு இதழ் கொண்ட ஒரு வால்வு உருவாகி, மகரந்தத்தை உள்ளே தள்ளி மதுவைத் தேன்பையிலேயே நிறுத்தி வைக்கிறது. புழுவின் உடம்பில் கழிவைப் பிரிக்கும் குழாய்கள் நாலே நாலு இருந்தன. அவை அழிந்து, வளர்ந்த தேனீக்குச் சுமார் 100 மெல்லிய குழாய்கள் முளைக்கின்றன. கடைசியில் மலப்பை நன்றாக விரியக்கூடியதாக அமைகிறது. மழை நாட்களில் வெளியே பறக்க முடியாதபோது தேனீ கூட்டுக்குள் கழியாமல் அடக்கிக்கொள்ள இதுவே உதவுகிறது. இந்தியத் தேனீயில் முட்டை முதல் வேலைக்காரத் தேனீ வெளிவரும் வரை மொத்தம் 18 முதல் 20 நாள்தான் ஆகிறது. அதில் இத்தனையும் நடந்து முடிகிறது.

டெட்ராசைக்ளினை நான் இவ்வளவு அழுத்தமாக மறுப்பதற்குக் காரணம் இனிமேல்தான் வருகிறது. புழுக் குடலில் இருந்த கிருமிகள் கழிவோடும் உரிந்த தோலோடும் போய்விடுவதால், அறையைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் தேனீயின் குடலில் நுண்ணுயிர் அநேகமாக இருப்பதில்லை. பெட்டியில் உள்ள மூத்த தேனீக்களோடும் அடையோடும் பழகிப் பழகி, முதல் 3 முதல் 5 நாட்களுக்குள் அதற்கு வேண்டிய பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம், கில்லியமெல்லா, ஸ்னாட்கிராசெல்லா போன்ற ஒரு சில வகைகள்தான். இவற்றில் கடைசியாகச் சொன்னது, தேனீயின் உடலமைப்பை விரிவாக எழுதி வைத்த அமெரிக்கர் ஸ்னாட்கிராஸின் பெயரைத் தாங்கியது. பெரும்பாலானவை பின்குடலில் வாழ்ந்து, மகரந்தத்தைச் சிதைக்கவும் நோய்க்கிருமியைத் தடுக்கவும் உதவுகின்றன. டெட்ராசைக்ளின் கொடுத்த தேனீக்களில் இந்த நல்ல பாக்டீரியாக்கள் வெகுவாகக் குறைந்து, மறுபடி கூட்டுக்குள் விட்ட பிறகு அவை சீக்கிரம் இறந்ததை அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். நோயே இல்லாத பெட்டிக்கு நாமே நோயை வாங்கி வைப்பது எதற்கு? மருந்தின் மிச்சம் தேனில் தங்கினால் விற்பனையும் போகும்.

சரி, எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும்? மூடுவதற்கு முந்தைய புழு முறுக்கிக்கொண்டு மஞ்சளாகி, புளித்த வாடை அடித்தால் ஐரோப்பியப் புழு அழுகல் நோயைச் சந்தேகிக்கலாம். அந்த பாக்டீரியா புழுவின் நடுக்குடலிலேயே பெருகி அதன் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்கிறது. உங்கள் மாவட்டத்தில் இதைவிடக் கவனிக்க வேண்டியது தாய்லாந்து சாக் புரூட் (Thai sacbrood) என்ற, புழுவைக் கொல்லும் வைரஸ். 1991-92-இல் கேரளத்திலும் குமரியிலும் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது அதுதான். இதில் புழு கூட்டுப்புழுவாக மாற முடியாமல், அறைக்குள் நீட்டி நிமிர்ந்து தலையை வாசல் பக்கம் தூக்கியபடியே செத்துக் கிடக்கும். இடுக்கியால் தூக்கினால் தண்ணீர் நிரம்பிய பை போலத் தொங்கும். இது வைரஸ் என்பதால் டெட்ராசைக்ளின் இதற்கும் உதவாது. அப்படி ஒன்றைப் பார்த்தால் அந்தப் பெட்டியில் அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். இராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தி வையுங்கள்.

வளர்ந்த தேனீக்கு உண்மையாகவே வயிற்றுக் கோளாறு இருந்தால் பெட்டியின் வாசலிலும் சட்டத்தின் மேலும் பழுப்புச் சொட்டுகள் தெறித்திருக்கும். அப்போது புதிதாகச் செத்த தேனீ ஒன்றின் கடைசி வயிற்றுக் கண்டத்தை இடுக்கியால் பிடித்து மெல்ல இழுங்கள், குடல் முழுதாக வந்துவிடும். நடுக்குடல் இளம்பழுப்பாக, வளையம் வளையமாகத் தெரிந்தால் நல்லது. வெளுத்து ஊதி, வளையங்கள் மறைந்திருந்தால் நோசிமா என்ற குடல் நோயாக இருக்கலாம். அந்தத் தேனீக்களை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறைக்கு எடுத்துப்போய் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வெல்லப்பாகு வைத்திருந்தாலும் இப்படிக் கழியும், அதை உடனே நிறுத்திவிட்டு வெள்ளைச் சர்க்கரைப் பாகு மட்டும் வையுங்கள்.

அடை கறுத்திருப்பதைச் சும்மா விட வேண்டாம். ஒவ்வொரு தலைமுறைப் புழுவும் தன் கழிவையும் பட்டையும் அறையில் விட்டுப் போவதால் அறை குறுகிக்கொண்டே வரும். குறுகிய அறையில் சின்னத் தேனீதான் பிறக்கும். மெழுகு அந்துப்பூச்சியின் புழுவுக்கும் இந்தக் கறுத்த அடைதான் பிடித்த தீனி. இந்தியத் தேனீ புது அடையில்தான் ஆசையாக முட்டையிடும், பழையதைத் தானே கடித்து உதிர்க்கும். பெட்டியின் தரைப்பலகையில் கறுத்த மெழுகுத் தூள் விழுந்திருக்கிறதா பாருங்கள். ரப்பர் மது வரத்துத் தொடங்கும்போது கறுத்த அடைகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்கு நகர்த்துங்கள். அதில் உள்ள புழுவெல்லாம் தேனீயாகி வெளியேறிய பிறகு வெட்டி எடுத்து, அன்றைக்கே உருக்கிவிடுங்கள்.