படகு ஓட்டத் தெரியாத நண்பர்கள் சேர்ந்து நெதர்லாந்துக் கால்வாய்களில் ஒரு வாரம் சுற்ற முடியுமா?

முடியும். நாங்கள் ஐந்து பேர் ஒரு மே மாதக் கடைசியில் போனோம். ஐவரில் ஒருவனும் அதற்கு முன் படகு ஓட்டியதில்லை, ஒருவனுக்கு நீச்சலே தெரியாது (தூங்கும்போது மட்டும்தான் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினான், அவ்வளவுதான்). படகு 15 மீட்டருக்குக் குறைவாகவும், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாததாகவும் இருந்தால் அங்கே லைசென்ஸ் தேவையில்லை. சாவி கொடுத்தவர் ஒரு மணி நேரம் கூடவே வந்து சொல்லிக் கொடுத்தார். பயிற்சி என்றால் அதுதான்.

இடத்தைப் பொறுத்தவரை, ஆம்ஸ்டர்டாமை விட்டுவிட்டு வடக்கே ஃபிரீஸ்லாந்துக்குப் போங்கள் என்பேன். ஏரியும் கால்வாயும் பின்னிக் கிடக்கிற மாகாணம் அது. அங்கே பதினொரு பழைய ஊர்கள் உண்டு. குளிர்காலத்தில் கால்வாய்கள் நன்றாக உறைந்தால், அதாவது பனிக்கட்டி 15 சென்டிமீட்டர் கனம் இருந்தால், பதினொன்றையும் சுற்றிக் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டருக்கு ஒரு பனிச்சறுக்குப் பந்தயம் நடத்துவார்கள், கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4. ஒரே நாளில் அவர்கள் சறுக்கிப் போகிற தூரத்தை நாம் ஒரு வாரத்தில் படகில் போக மாட்டோமா என்ற நினைப்பில்தான் கிளம்பினோம். பார்த்தது ஐந்து ஊர்.

ஏன் என்றால், பல கால்வாய்களில் வேக வரம்பே மணிக்கு 6 அல்லது 9 கிலோமீட்டர்தான். கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் நம்மை முந்திப் போவார்கள். அப்புறம், படகுக்காகத் திறந்து வழிவிடும் பாலங்கள். அவற்றின் விளக்குகளில் சிவப்பு மட்டும் எரிந்தால் நில், சிவப்போடு பச்சையும் சேர்ந்தால் திறக்கப் போகிறது தயாராகு, தனிப் பச்சை வந்தால் போ. மேலும் கீழுமாக இரண்டு சிவப்பு எரிந்தால் பாலம் இப்போதைக்குத் திறக்காது என்று அர்த்தம். மதியம் 12 முதல் 1 வரை பல பாலங்களில் சாப்பாட்டு இடைவேளை, நாங்கள் இரண்டு முறை சரியாக 12:05க்குப் போய் நின்றோம். சில ஊர்களில் பாலம் திறப்பவர் தூண்டில் குச்சியின் நுனியில் ஒரு மரச் செருப்பைக் கட்டி நம் தலைக்கு மேல் நீட்டுவார், கட்டணத்தை அதில் போட வேண்டும். படகு நகர்ந்துகொண்டிருக்க, ஆடும் செருப்புக்குள் நாணயம் போடுவதும் ஒரு கலைதான், எங்களுடைய இரண்டு யூரோ ஒன்று இன்னும் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுவது கஷ்டமில்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். படகுக்கு பிரேக் கிடையாது, எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் பக்கக் காற்று அடித்தால் பத்து மீட்டர் இரும்பும் தெர்மாகோல் மாதிரி நகரும். நாங்கள் ஸ்னேக்கில் ஏறினோம் (1613இல் கட்டிய இரட்டைக் கோபுர நீர்வாயில் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்). ஐல்ஸ்ட் வழியாகப் போய் ஸ்லோட்டர்மேர் ஏரியைக் கடந்து மாலையில் ஸ்லோட்டனை அடைந்தோம். ஆயிரம் பேர்கூட இல்லாத குட்டி ஊர், கரையில் ஒரு காற்றாலை, பார்க்க அவ்வளவு அழகு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் படகு குறுக்கே திரும்பிவிட்டது. ஒருவன் "இடது!" என்கிறான், இன்னொருவன் "டேய், அது உனக்கு இடது!" என்கிறான், மூன்றாமவன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு எதில் கட்டுவது என்று தேடுகிறான். கட்டி நின்ற ஒரு படகில் மெதுவாக இடித்தோம். அதில் காபி குடித்துக்கொண்டிருந்த வயதான தம்பதியில் அந்த அம்மா எழுந்து, எதுவும் சொல்லாமல் எங்கள் கயிற்றை வாங்கி, இரண்டே சுற்றில் கட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து ஒரு விதி வைத்தோம்: கரை சேரும்போது ஒருவன்தான் பேச வேண்டும். காற்றுக்கு எதிராக, நடக்கிற வேகத்துக்கும் குறைவாக வாருங்கள். காலை நீட்டிக் கரையைத் தள்ளாதீர்கள், நடுவில் மாட்டினால் எலும்பு மிஞ்சாது. பக்கத்தில் தொங்கும் ரப்பர் உருளைகள் அதற்குத்தான் இருக்கின்றன.

க்ரௌ என்ற ஊருக்குப் பக்கத்தில் கால்வாய்க்கு அடியில் நெடுஞ்சாலை போகிறது, நாம் மேலே படகில், கீழே லாரிகள். அது பெரிய கால்வாய், சரக்குக் கப்பல்கள் வரும், வலது ஓரத்தை விட்டு நகராதீர்கள். லேவார்டனில் பூங்கா ஓரமாகவே படகைக் கட்டலாம். 1529இல் கட்டத் தொடங்கி, கட்டும்போதே சாய்ந்து, பாதியில் விட்டுவிட்ட ஓல்டஹோவ கோபுரம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு ஊர் என்றால் ஃபிரானக்கர். 1774இல் சில கோள்கள் வானத்தில் நெருங்கி வருவதால் உலகம் அழியப் போகிறது என்று அங்கே பீதி கிளம்பியிருக்கிறது. கம்பளி சீவும் தொழில் செய்த ஐசே ஐசிங்கா என்பவர், கோள்கள் உண்மையில் எப்படிச் சுற்றுகின்றன என்று காட்ட, தன் வீட்டுக் கூடத்தின் கூரையிலேயே சூரிய மண்டலத்தைச் செய்துவிட்டார். 1781 வரை ஏழு வருட வேலை. மரச் சக்கரங்களில் ஆணிகளைப் பல்லாக அடித்து, ஊசல் கடிகாரத்தோடு இணைத்தது, இன்றும் ஓடுகிறது. அந்தக் கூரையில் சனி ஒரு சுற்று வர, வானத்துச் சனியைப் போலவே 29 வருடத்துக்கு மேல் ஆகும். வேலை முடிந்த அதே 1781இல்தான் யுரேனஸைக் கண்டுபிடித்தார்கள், அதற்குக் கூரையில் இடமில்லை. அந்த வீட்டை 2023இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அரை மணி நேரம் என்று உள்ளே போன நாங்கள், மூடும்வரை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு வெளியே வந்தோம்.

இரவுக்கு ஊர்த் துறையில் காசு கொடுத்துத் தங்கலாம். ஆனால் மாரெக்ரீட்டே என்ற அமைப்பு ஏரித் தீவுகளிலும் புல்கரைகளிலும் இலவசமாகப் படகு கட்ட இடங்கள் வைத்திருக்கிறது, ஒரே இடத்தில் மூன்று நாள் வரை இருக்கலாம். கரண்ட், தண்ணீர் கிடையாது. மே கடைசியில் பத்து மணி வரை வெளிச்சம், வாத்துகளின் சத்தம், குக்கரில் சாம்பார் சாதம். ஏழு இரவில் நான்கு இரவு அப்படித்தான் இருந்தோம்.

அப்புறம், கழிவறைத் தொட்டி. ஐந்து பேருக்கு அது நினைப்பதைவிடச் சீக்கிரம் நிரம்பும். உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் எந்தத் துறையில் இருக்கிறது என்று முதல் நாளே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஐந்தாம் நாள்தான் தேட ஆரம்பித்தோம்.