கடையில் ஓடுது, வீட்டில் மக்கர் பண்ணுது: கடலோரத்துப் பழைய கார்கள் கேள்வி-பதில்

ராமநாதபுரம் கரையோரம் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் வண்டி ஒழுங்காக ஓடுகிறது, வீட்டுக்கு வந்ததும் மக்கர் பண்ணுகிறது. இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறில்தான் மக்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். முதலில் பேட்டரி, அப்புறம் எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார், அப்புறம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள், கோளாறு மட்டும் அங்கேயே இருக்கும். உப்புக்காற்று அடிக்கும் இந்தக் கரையில் பார்ட்ஸைவிட இணைப்புகளே முதலில் கெடுகின்றன. அதைக் கண்டுபிடிக்கக் கோளாறு இருக்கும் நேரத்திலேயே அளந்து பார்க்க வேண்டும்.

காக்கா, 1997 மாருதி 800 வைத்திருக்கிறேன். சில நாள் காலையில் சாவி போட்டால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், செல்ஃப் சுற்றாது. நாலைந்து தடவை திருப்பினால் எடுத்துவிடும். புது பேட்டரி போட்டும் அப்படியேதான். – கீழக்கரை

தம்பி, சத்தத்தை வைத்தே பாதி வேலையை முடிக்கலாம். ‘கடகட’ என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்சிலிருந்து செல்ஃபுக்குப் போகும் மெல்லிய வயரில் கரண்ட் வரவில்லை. ஒரே ஒரு ‘டக்’ என்றால் செல்ஃபின் காந்த சுவிட்சான சொலினாய்டு இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போதிய கரண்ட் போகவில்லை. உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த் வயரை, அதாவது பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் வயரை.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், அதைப் பிடித்திருக்கும் வயரின் கிளாம்பில் வேண்டாம். இன்னொரு முனையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் அழுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். வீட்டில் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் இழுக்கும்போது மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் குற்றவாளி அந்தப் பாதையில்தான் இருக்கிறான். அப்புறம் முனையைக் கம்பத்திலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து பாடி போல்ட்டுக்கு என்று நகர்த்தி ஒவ்வொரு இணைப்பாக அளந்து வாருங்கள். எங்கே அளவு தாவுகிறதோ அங்கே கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து முறுக்குங்கள். ‘டக்’ என்று நின்றுபோன அந்தக் காலை நேரத்திலேயே இதைச் செய்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இணைப்பெல்லாம் சுத்தமாக இருந்தும் அளவு குறையவில்லையா? வயரையே சந்தேகப்படுங்கள். வெளியே ரப்பர் புதிதுபோல இருக்கும். கிளாம்பை ஒட்டி ஓரங்குலம் உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைக் களிம்பேறி, கையால் கசக்கினால் தூளாக உதிரும். உப்பு ஈரம் வயர் முனையில் புகுந்து உள்ளுக்குள்ளேயே ஊறிப்போகும். ‘மீட்டரை ஓம்ஸில் வைத்து வயரின் தடையைப் பார்த்தேன், ஜீரோ காட்டுது, வயர் நல்லது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாலு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் அப்படித்தான் காட்டும். ஒற்றையடிப் பாதையில் ஆள் நடந்து போகலாம், லாரி போகாது. செல்ஃப் கிளம்பும் நொடியில் 100 ஆம்பியருக்கு மேலேயே கேட்கும்.

எர்த் சரியாக இருந்தால் பிளஸ் பக்கம் இதேபோல அளக்கலாம். பேட்டரி பிளஸ் கம்பத்துக்கும் செல்ஃபின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்குமேல் இழக்கக் கூடாது. இரண்டு பக்கமும் நல்லதாக இருந்தால்தான் செல்ஃபைக் கழற்ற வேண்டும். அப்போது சொலினாய்டு காண்டாக்ட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கார்பன் பிரஷ்.

அண்ணே, நான் சவூதியில் இருக்கிறேன், ஊரில் ஸ்விஃப்ட் நிற்கிறது. வாரம் ஒருமுறை தம்பி ஸ்டார்ட் பண்ணுவான். இப்போது மூன்றாம் நாளே பேட்டரி இறங்கிவிடுகிறது. – தேவிபட்டினம்

வண்டி தூங்கும்போதும் ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. தம்பியிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள்: எல்லாவற்றையும் அணைத்து, கதவைச் சாத்தி, மைனஸ் வயரைக் கழற்றி, கம்பத்துக்கும் வயருக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் இணைக்க வேண்டும். அப்படி இணைத்தபின் சாவியைத் தொடவே கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். அரை மணி நேரம் விட்டுப் பார்க்கட்டும். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் சரி. 300 காட்டினால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி போகிறது. 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்தே நாளில் காலி, மூன்றாம் நாளே செல்ஃப் திணறும். உங்கள் கணக்கும் அதுதான். இனி ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். எதை உருவும்போது அளவு விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு.

என் அனுபவத்தில் முதல் சந்தேகம் வெளியே பூட்டிய பாட்டு செட்டும் ஆம்ப்ளிஃபயரும். எந்த ஃபியூஸை உருவினாலும் குறையவில்லையென்றால் டைனமோவின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள், அதற்குள் கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோடு கசிந்தால் அப்போது அளவு விழும். கழற்றிய முனை எதிலும் படாமல் டேப் சுற்றிவிட வேண்டும்.

இன்னொன்று. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி அணைப்பதால் பேட்டரிக்கு நன்மையில்லை, வாரம் முழுக்கப் போன சார்ஜ் அந்த ஐந்து நிமிடத்தில் திரும்பாது. அரை மணி நேரம் ஓட்டட்டும், முடியாவிட்டால் மைனஸைக் கழற்றி வைத்துவிடட்டும்.

இண்டிகேட்டர் போட்டால் பின்னால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. – மண்டபம்

பின் விளக்கின் எர்த் போய்விட்டது. கரண்ட் திரும்பும் வழி தெரியாமல் பக்கத்து பல்பு வழியாகப் போகிறது. ஹோல்டரையும் எர்த் ஸ்க்ரூவையும் சுத்தம் செய்யுங்கள், பல்பை மாற்றிப் பயனில்லை.

2002 சான்ட்ரோ. மதுரை போய்வரும்போது டீ குடிக்க நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆவதில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றும். முக்கால் மணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகும். – உச்சிப்புளி

சூட்டில் சாகும், ஆறினால் பிழைக்கும் என்றால் எஞ்சின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல்தான் முதல் சந்தேகம் வரும். ஆனாலும் உடனே வாங்கிப் பூட்டிவிடாதீர்கள். ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கை வண்டியில் போட்டு வையுங்கள். அடுத்த முறை நின்றதும் சாவியை ஆன் செய்து பின்சீட்டுப் பக்கம் காதைக் கொடுங்கள். பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி ‘உம்’ என்று ஓட வேண்டும். அப்புறம் ஒரு பிளக் வயரை உருவிப் பழைய பிளக்கில் மாட்டி, அதன் உடலை எஞ்சின் இரும்பில் படவைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வயரைக் கையில் பிடிக்காதீர்கள்.

பம்ப் ஓடுகிறது, பொறி மட்டும் இல்லையென்றால் சென்சார் சந்தேகம் வலுக்கிறது. சென்சார் கைக்கு எட்டினால் அதன்மேல் ஈரத்துணியைப் போட்டு ஆறவிடுங்கள், உடனே ஸ்டார்ட் ஆனால் விஷயம் உறுதி. பம்பும் ஓடவில்லை, பொறியும் இல்லையென்றால் எஞ்சின் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலேவைப் பாருங்கள். பொறி இருந்து பம்ப் ஓடவில்லையென்றால் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ். அந்த முக்கால் மணி நேரம் பொன்னான நேரம். டீக்கடையில் உட்கார்ந்து கழித்துவிட்டால் மெக்கானிக் பார்க்க எதுவும் மிஞ்சாது.

பெட்ரோல் அம்பாசடர். ஐப்பசி, கார்த்திகையில் காலையில் செல்ஃப் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. வெயில் ஏறினால் சரியாகிவிடும். – வாலிநோக்கம்

ஐயா, உப்பளத்துப் பக்கம் இருக்கிறீர்கள், மழை ஈரமும் சேர்ந்தால், பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் உப்புப் படலமே படிந்துவிடும். மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே பென்சில் கோடு போட்டதுபோல் கருங்கோடு தெரிந்தால் அந்த வழியாகத்தான் பொறி கசிகிறது. அதைத் தேய்க்காதீர்கள், மூடியை மாற்றுங்கள். இருட்டில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், கெட்டுப்போன பிளக் வயரில் நீலப்பொறி ஓடுவது தெரியும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. அளவில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றினால் டைனமோ நல்லதா என்று தெரியும் என்கிறார்களே? – தொண்டி

தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்டரி இல்லாமல் வோல்டேஜ் திடீரென்று தாவும், எஞ்சின் கம்ப்யூட்டரான இசிஎம்மே கருகிப்போகலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் டைனமோ சார்ஜ் ஏற்றுகிறது. வண்டி இரவெல்லாம் நின்றபின் 12.6 இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான்.

டெர்மினலில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருக்கிறது. கிரீஸ் தடவலாமா? – பாம்பன்

முதலில் மைனஸைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதையே கடைசியாக மாட்டுங்கள். வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துக் கழுவிக் காயவிட்டு, தேய்த்து, முறுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள். தடவிவிட்டு மாட்டக் கூடாது.

தினமும் அரிச்சல்முனைக்குச் சவாரி போகிறேன். எஞ்சினுக்குள் தண்ணீர் அடித்துக் கழுவலாமா? – ராமேஸ்வரம்

2017-ல் தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறந்ததிலிருந்து இரண்டு பக்கக் கடலின் சாரலும் உங்கள் வண்டி மேல்தான். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுங்கள், அது அவசியம். எஞ்சின் அறைக்குள் மட்டும் பிரஷர் வைத்து அடிக்க வேண்டாம், கனெக்டருக்குள் புகுந்த தண்ணீர் எளிதில் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். எர்த் போல்ட்டுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். வாடைக்காற்று தொடங்கும் முன் ஒருமுறை செய்துவிடுவது நல்லது.